சும்மா அடித்த அலாரம்

ஆஸ்பத்திரி இயந்திரப் பராமரிப்பில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் சிறப்பு மலர் ஒன்று போடப் போகிறார்களாம். போன மாதம் இரண்டு பேர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். "அங்கிள், அந்தக் காலத்து வென்டிலேட்டர் எப்படி இருந்துச்சி, இப்ப எவ்வளவு டெவலப் ஆயிருக்குன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். புதிய இயந்திரத்தின் படம் ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி ஒரு திரை, அதில் மூன்று நிறத்தில் கோடுகள். "இதுல நமக்கு வேலையே இல்ல அங்கிள். சுவிட்ச் போட்டா அதுவே தன்னை செக் பண்ணிக்கும்" என்று அவர்களில் ஒருவன் பெருமையாகச் சொன்னான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீடு தேடி வந்த பிள்ளைகளிடம் என்ன கத்துவது? தேநீர் கொடுத்து, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் கேட்டது இயந்திரம் வளர்ந்த கதை. அதைக் கொஞ்சம் சொல்கிறேன். மிச்சத்தை அவர்கள் அச்சில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொழிற்பள்ளியில் மின்சாரம் படித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்க வேலை கிடைத்தது. கத்திரியும் ஊசியும் அவிக்கிற ஸ்டெரிலைசர்களுக்கு ரப்பர் வளையம் மாற்றியே முதல் மூன்று வருடம் போனது. தினமும் ரயில் ஏறிப் போய்வந்தேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிற ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எது என்று தேட வேண்டாம்.

மூச்சு இயந்திரம் என்று நான் முதலில் தொட்டது ஒரு பச்சைப் பெட்டி. பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். மின்சாரமே கிடையாது, ஆக்ஸிஜன் குழாயின் அழுத்தத்திலேயே ஓடும். காற்றைத் தள்ளிக்கொண்டே போய், நாம் வைத்த அழுத்தம் வந்ததும் 'டிக்' என்று நின்றுவிடும். நோயாளி இருமினால் அழுத்தம் சட்டென்று ஏறும். பெட்டி போதும் என்று நினைத்துப் பாதியிலேயே நிறுத்திவிடும். எவ்வளவு காற்று உள்ளே போனது என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அலாரமும் கிடையாது. குழாய் கழன்று விழுந்தால் அது பாட்டுக்கு அறைக்குள் ஊதிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அந்த 'டிக்' சத்தம் ஒழுங்காக வருகிறதா என்று மிஸ்ஸிகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் மின்சாரத்தில் ஓடுகிற பெரிய இயந்திரங்கள் வந்தன. கண்ணாடி உருளைக்குள் கறுப்பு ரப்பர் துருத்தி ஏறி இறங்கும். எவ்வளவு காற்று போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் நம் ஆட்களும் முன்னேற வேண்டுமே! இயந்திரத்தின் தலை சூடாக இருக்கிறது என்று அதன்மேல் துண்டைக் காயப்போடுவார்கள். சும்மா நிற்கிற இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள். பழுது என்றால் எங்களுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். என்ன பழுது, எப்போது வந்தது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு வந்தது என்று எழுத ஆறு வரி இடம் விட்டிருக்கும். ஆறு வரியையும் விட்டுவிட்டு, நடுவில் மலாயில் 'ரோசாக்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதி அனுப்புவார்கள். கெட்டுப்போச்சு என்று அர்த்தம். கெட்டுப்போகாமலா எங்களைக் கூப்பிடுவீர்கள்? வருடக்கணக்காக அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சிவகடாட்சம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்றாலும் அவர் பேச்சைவிட்டு யாழ்ப்பாணம் போகவே இல்லை. எப்போதும் வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சிவப்புப் பேனா. நாங்கள் எழுதுகிற வேலை அட்டையில் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். இடது பக்கம் கண்டது, வலது பக்கம் நினைத்தது. நினைத்ததைக் கொண்டுபோய் இடது பக்கத்தில் எழுதினால் சிவப்பில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். ஒருமுறை 'வால்வு தேய்ந்துவிட்டது' என்று எழுதிக்கொண்டு போனேன்.

"கண்டனீரோ?"

"இல்ல சார், சத்தத்த வெச்சி சொல்றேன்..."

"அப்ப அது நினைச்சது. போய்க் கழட்டிக் கண்டுட்டு வாரும்."

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நாலு வார்த்தை திட்டினாலாவது வெளியே போய் நாமும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். அதற்கும் வழி வைக்க மாட்டார். பதினாறு வருடம் அந்த மனிதரிடம் குப்பை கொட்டினேன்.

ஆயுத பூஜை விஷயத்தில் மட்டும் அவர் கொஞ்சம் இளகுவார். பட்டறையில் தமிழர்கள் நாங்கள் ஐந்தாறு பேர். வருடத்தில் அந்த ஒரு நாள், ஸ்பானர் முதல் மீட்டர் வரை எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, விபூதி பூசி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். சுண்டலுக்கும் பொரிக்கும் மலாய்க்காரர்களும் சீனர்களும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். சார் போட்ட நிபந்தனை இரண்டு. ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் சூடம் கொளுத்தக் கூடாது, வெளியே மரத்தடியில் காட்டிவிட்டு வர வேண்டும். வார்டுக்குப் போகிற இயந்திரத்தில் பொட்டின் தடம்கூட இருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இரண்டையும் நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், பூஜைக்கு நாலு நாள் முன்னால், கம்ப்யூட்டர் சில்லு வைத்த வென்டிலேட்டர் எங்களுக்கு வந்து இறங்கியது. அதைப் பார்த்து நான் வாய் பிளந்தது உண்மை. அதுவரை வந்த இயந்திரங்களுக்கு ஏற்றபடி நோயாளிதான் மூச்சுவிட வேண்டும். இதுவோ நோயாளிக்கு ஏற்றபடி நடந்தது. அவன் தானாக மூச்சை இழுக்க முயன்றால் அந்தச் சின்ன இழுப்பை உணர்ந்து, அதே நேரத்தில் கூடவே காற்றைத் தள்ளிக்கொடுத்தது. சிவப்பு எண்களில் எல்லாக் கணக்கும் முகப்பில் ஓடியது. அலாரம் மட்டும் ஒன்பது வகை. கம்பெனியிலிருந்து டை கட்டிக்கொண்டு ஒருவர் வந்து இரண்டு நாள் வகுப்பெடுத்தார். இயந்திரத்துக்குப் பொறுப்பாளனாக என்னைப் போட்டார்கள். பூஜையன்று நானே அதற்குப் பொட்டு வைத்தேன். முகப்பின் மேல்பக்கம் நடுவில், நெற்றி மாதிரி வாகாக ஓர் இடம் இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மோதிர விரலால் அழுத்தி வைத்தேன். மறுநாள் துடைத்து, சார் குனிந்து ஒருமுறை பார்த்த பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம்.

அங்கே அப்போது கிருஷ்ணன் என்று ஒரு லோரி டிரைவர் இருந்தார். கிள்ளான்காரர், முப்பது வயது இருக்கும். காய்ச்சல் வந்து போன பத்தாம் நாள் கால் மரத்துப்போய், பிறகு கை விழுந்து, கடைசியில் மூச்சும் நின்றுபோகிற நிலைக்கு வந்துவிட்டார். நரம்பைத் தாக்குகிற ஒருவகை வாதம் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் ஆனாலும் குணமாகிவிடும், அதுவரை இயந்திரம்தான் மூச்சுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். கை கால் அசையாது, பேச்சு வராது. கண் மட்டும் அசையும். காது நன்றாகக் கேட்கும். நாங்கள் யாரும் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று பேசுவோம்.

அவரைப் பார்த்துக்கொண்டவர் பரமேஸ்வரி. செந்தூலில் ரயில்வே குடும்பத்தில் பிறந்த பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அந்த வார்டில் நல்ல பெயர். அடுத்த வருடம் சிஸ்டராகப் பதவி உயர்வு வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆறு வரியிலும் எழுதி அனுப்புகிற ஒரே ஆள் அவர்தான். புதிய இயந்திரத்தைப் பற்றி அவர் அனுப்பிய முதல் சீட்டில் இப்படி இருந்தது: 'காலை 7.30 முதல் ஓடுகிறது. மூன்று மணி நேரம் பிரச்சினை இல்லை. 10.40க்கு அழுத்தம் குறைவு அலாரம். குழாய் முழுவதும் பார்த்தேன், எங்கும் கழலவில்லை. நோயாளி நன்றாக இருக்கிறார். இப்போது நிமிடத்துக்கு நிமிடம் அடிக்கிறது.'

இதைவிட ஒருவர் எப்படி எழுத முடியும்? 'ரோசாக்'கைக் கண்டு வருடக்கணக்காக வயிறெரிந்தவன், எழுதினது கையில் கிடைத்தபோது முதல் வரியோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான் போனபோது அவர்கள் கிருஷ்ணனைப் பழைய துருத்தி இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள். புதியது அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சோதனைக்கு வைத்திருக்கிற ரப்பர் நுரையீரலைப் பொருத்தி இருபது நிமிடம் ஓட விட்டேன். ஓர் அலாரம்கூட இல்லை. பழுது இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி அணைத்து வைத்திருந்தார்கள். மறுபடி இருபது நிமிடம்.

"அண்ணே, கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாருங்கலா. நல்லா சூடானதுக்கு அப்புறம்தான் அடிக்குது" என்றார் பரமேஸ்வரி.

"இது கம்ப்யூட்டர்லா. சூடு கீடுன்னு ஒண்ணும் கிடையாது. நீங்க லிமிட்ட ரொம்ப டைட்டா வெச்சிருக்கீங்க."

"மெனுவல்ல போட்டிருக்கிற மாதிரிதான் வெச்சேன்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. கையேட்டை முழுக்கப் படித்தவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் 'பயன்படுத்துபவருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இயந்திரம் சரி, ஆள் சரியில்லை.

மூன்றாம் நாள் துருத்தி இயந்திரம் வேறொரு நோயாளிக்குப் போய்விட்டது. அதனால் கிருஷ்ணன் புதியதில்தான் இருந்தார். பதினொன்றரைக்கு நான் போனபோது அது விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. பரமேஸ்வரி ஒவ்வொரு தடவையும் செய்ததை நான் பார்த்தேன். முதலில் கிருஷ்ணனின் முகம், பிறகு கழுத்துக் குழாய், பிறகு குழாயின் நீளம் முழுக்கக் கையால் தடவி இயந்திரம் வரைக்கும் வருவார். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் அலாரத்தை அமுக்குகிற பொத்தானைத் தொடுவார். அமுக்கினால் இரண்டு நிமிடம் சத்தம் வராது. பிறகு மறுபடி அடிக்கும், அவர் மறுபடி முகத்திலிருந்து தொடங்குவார்.

நானும் குழாயைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அறுவை சிகிச்சை அறையில் எனக்கு வேறொரு வேலை காத்திருந்தது. அலாரத்தின் எல்லையைத் தளர்த்தி வைத்துவிட்டு, தாதியர் மேசைக்கு வந்து அட்டையை எழுதினேன். மூன்று பிரதி. மூன்றிலும் வார்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், கார்பன் தாளை நம்ப மாட்டார்கள். பரமேஸ்வரி பேனாவை எடுத்தபோது அலாரம் மறுபடி அடித்தது. பேனாவை வைத்துவிட்டுக் கட்டிலை நோக்கிப் போனார்.

"அது சும்மா அடிக்குது மிஸ்ஸி. அமுக்கிட்டு வந்து சைன் போடுங்கலா, எனக்கு நேரமாச்சி" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையால் சைகை காட்டினேன். அந்த ஒரு தடவை மட்டும் அவர் கிருஷ்ணனின் முகத்தையும் பார்க்கவில்லை, குழாயையும் தடவவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு வந்து மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதில் தேதி தவறாகிவிட்டது என்று அடித்து எழுதச் சொன்னேன். அதையும் செய்தார்.

சத்தம் திரும்பியபோது அவர் போனார். அடுத்த நொடி அவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. மூச்சின் ஈரம் குளிர்ந்து குழாய்க்குள் தேங்கியிருந்த நீரின் கனத்தில், கழுத்தருகே இணைப்பு கழன்று போர்வைக்குள் விழுந்து கிடந்தது. கிருஷ்ணனின் உதடு நீலமாகியிருந்தது. கண் திறந்தபடி இருந்தது. பரமேஸ்வரி இயந்திரத்தைத் தள்ளிவிட்டு, ரப்பர் பையைக் கழுத்துக் குழாயில் மாட்டிக் கையாலேயே மூச்சுக் கொடுத்தார். இதயத் துடிப்பு மிகவும் இறங்கிவிட்டது. டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டார். துடிப்பு திரும்பியது. அதன் பிறகும் வேறு இயந்திரம் வரும்வரை, முக்கால் மணி நேரம், அவரே பையை அமுக்கிக்கொண்டு நின்றார். மாற்றி அமுக்கவா என்று யாரோ கேட்டதற்கும் விடவில்லை. கிருஷ்ணன் பிழைத்தார், மூளைக்குச் சேதமில்லை.

ஒரு வாரம் கழித்து விசாரணை. டாக்டர் ஒருவர், மேட்ரன், நிர்வாக அதிகாரி என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிவகடாட்சம் சார் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அலாரம் அடித்தபோது நோயாளியைப் பார்க்காமல் அமுக்கியது ஏன் என்று பரமேஸ்வரியைக் கேட்டார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. "பார்க்காம அமுக்குனது தப்புதான். டெக்னீஷியன் அண்ணன் சும்மா அடிக்குதுன்னு சொன்னாரு, அதான் அமுக்கிட்டு வந்தேன்" என்றார்.

மேட்ரன் என் பக்கம் திரும்பினார். அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டார்.

என் வேலை அட்டைகள் மேசையில் இருந்தன. பழுது இல்லை, பழுது இல்லை, விளக்கம் அளிக்கப்பட்டது. கம்பெனிக்காரரும் வந்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அலாரம் சும்மா அடிக்கிறது என்று நான் சொன்னதாக ஒப்புக்கொண்டால், பழுது இல்லை என்று எழுதியது பொய்யாகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அந்த நொடியில் நினைத்தேனா, பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா என்று தெரியவில்லை.

"அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை" என்றேன்.

பரமேஸ்வரி மடியில் வைத்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய சீட்டுகளின் பிரதிகள் அதுவரை மேட்ரன் அலுவலகத்தில் கிடந்தன. விசாரணை முடிந்த பிறகுதான் சாருடைய கைக்கு வந்தன. அவர் மூன்றையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பிள்ளை மூண்டு மணித்தியாலம் எண்டு எழுதியிருக்கிறா. நீர் எவ்வளவு நேரம் ஓட விட்டனீர்?"

"இருபது நிமிஷம் சார்."

"ஏன் காணும், அந்த மனுசன் இருபது நிமிசம்தானோ மூச்சு விடுறவர்?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு இயந்திரத்தை ஓட விட்டோம். அவர் நாற்காலியைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்துகொண்டார். பத்து மணித் தேநீருக்கும் எழுந்திருக்கவில்லை. பதினொன்றே காலுக்கு அது அடித்தது. ரப்பர் நுரையீரல் நன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முகப்பில் மட்டும் அழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. அது அடிக்க அடிக்க முழுக்கக் கழற்றினோம். முகப்பின் மேல்பக்கம், விளிம்புக்கு அடியில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. உள்ளே இருக்கிற அழுத்தமானி வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கும். அந்த வெளிக்காற்று போகிற வழி அது. மஞ்சளாக ஏதோ அடைத்து இறுகிப்போயிருந்தது. இயந்திரம் சூடாகச் சூடாக உள்ளே அகப்பட்ட காற்று விரிந்து, கணக்கைக் கெடுத்திருக்கிறது. அணைத்தால் ஆறி, சரியாகிவிடும். சார் ஊசியால் அதைக் குத்தி எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சந்தன வாசம் அடித்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மனிதன் மூச்சை நம்பிக் கொடுக்கிற இயந்திரத்தின் நெற்றியில், மேலே ஒரு மூடிகூட இல்லாமல், கையேட்டில் ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லாமல் துளை வைப்பானா ஒருவன்? கம்பெனிக்காரரைத் தொலைபேசியில் கிழித்தெடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இயந்திரம் செய்கிற நாட்டில் யாரும் அதில் எதையும் பூச மாட்டார்கள் என்றார். அடுத்து வந்த இயந்திரங்களில் அந்தத் துளையைப் பின்பக்கம் மாற்றி, வலை மூடியும் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கேட்ட வளர்ச்சியில் இதுவும் சேரும்.

நான் அறிக்கை எழுதினேன். கண்டது: துளையில் சந்தனம். வைத்தவன்: நான். நிர்வாக அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. பூஜை, சந்தனம் என்றெல்லாம் வெளியே தெரிந்தால் விஷயம் வேறு மாதிரிப் போகும், 'அந்நியப் பொருள்' என்று மாற்றி எழுதுங்கள் என்றார். கண்டதைத்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிச் சார் மாற்ற விடவில்லை. விஷயம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது. தன் தவற்றைத் தானே எழுதிக் கொடுத்த ஆள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் என் தோளைத் தட்டினார்கள். ஒருவர் கையையும் நான் தள்ளிவிடவில்லை.

அலாரம் உண்மையிலேயே பொய்யாக அடித்தது என்று தெரிந்ததால், பரமேஸ்வரியை வேலையைவிட்டு எடுக்கும் பேச்சு நின்றது. ஆனால் நோயாளியைப் பார்க்காமல் அமுக்கியதற்கும், பழியை இன்னொருவர் மேல் போடப் பொய் சொன்னதற்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பதவி உயர்வு போனது. வெளிநோயாளிப் பிரிவில், நம்பர் கூப்பிடுகிற வேலைக்கு மாற்றினார்கள்.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை, ஊன்றுகோலோடு ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். உடம்பு இளைத்து, தலைமுடி வளர்ந்து, எனக்கு அடையாளமே தெரியவில்லை. கிருஷ்ணன். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருந்தார். எல்லா வார்டுக்கும் போய் நன்றி சொல்லிக்கொண்டு வருகிறாராம். நான் உட்கார வைத்தேன். அவர் என் குரலைக் கேட்டதும் சிரித்தார்.

"அண்ணே, நீங்கதானா அது! மூஞ்சி எனக்குத் தெரியாது, மேல லைட்டுதான் தெரியும். குரல் நல்லா ஞாபகம் இருக்கு. அது சும்மா அடிக்குது, அமுக்கிட்டு வாங்கன்னு சொன்னீங்கல்ல? கழண்டு போச்சி, கழண்டு போச்சின்னு உள்ளுக்குள்ள கத்துறேன், ஒரு விரலு அசையலண்ணே!"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிழைத்துவந்தவன் வேடிக்கைக் கதை சொல்கிற மாதிரிதான் சொன்னார். "அந்த மிஸ்ஸி எங்க இருக்காங்க? ஐ.சி.யூ.ல கேட்டா மாறிப் போய்ட்டாங்கன்னு சொல்றாங்க" என்று கேட்டார். கீழே வெளிநோயாளிப் பிரிவில் இருக்கிறார் என்று சொன்னேன். அவர்கள் போன பிறகு திரும்பினால், அடுத்த மேசையில் சிவகடாட்சம் சார் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் அப்பிடிச் சொன்னனீரோ?"

"சொன்னேன் சார்."

"அண்டைக்குக் கேட்டபோது ஞாபகம் இருந்ததோ?"

"இருந்திச்சி சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "நான் உமக்குப் பக்கத்திலை இருந்தனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். அவர் என்னைத் திட்ட வேண்டும் என்று பதினாறு வருடத்தில் அன்றைக்குத்தான் உண்மையாக ஆசைப்பட்டேன்.

அன்று மத்தியானமே எழுதினேன். அலாரம் அடித்தது, நான் சொன்னது, கை காட்டியது, தேதியை அடித்து எழுதச் சொன்னது, விசாரணையில் பொய் சொன்னது, எதையும் விடவில்லை. இரண்டு பக்கம் வந்தது. அந்தக் காகிதத்தால் பரமேஸ்வரியின் எச்சரிக்கைக் கடிதத்தைப் பின்னால் கோப்பிலிருந்து எடுத்தார்கள். எனக்குப் பதவி இறக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பி வரச் சொல்லி அவரைக் கேட்டார்கள், அவர் போகவில்லை. பதவி உயர்வு அந்த வருடம் வேறொருவருக்குப் போய்விட்டது, பிறகும் அவருக்கு வரவில்லை.

மேட்ரனிடம் கொடுப்பதற்கு முன்னால், காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளிநோயாளிப் பிரிவுக்குப் போனேன். நல்ல கூட்டம். பரமேஸ்வரி முகப்பில் உட்கார்ந்து நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிருஷ்ணன் கொடுத்துவிட்டுப் போன ஆரஞ்சுப் பழப் பை இருந்தது. நான் காகிதத்தை நீட்டினேன். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனவன், "இத படிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டு பக்கத்தையும் அவசரப்படாமல் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்று, திரும்பப் போய் முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு நான் கொடுத்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பித் தந்தார்.

"அன்னிக்கு மேட்ரன் கேட்டப்ப ஆமான்னு ஒரு வார்த்தை போதும் அண்ணே" என்றார். "இப்ப ரெண்டு பக்கம் எழுதிருக்கீங்க."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.